வண்டியிலுமா வர்க்கம்?

ஒரு மோட்டார் வண்டிக்கு 50 வயது நிரம்பிவிட்டால் அதற்குப் பெயர் "பாரம்பரிய வாகனம்". இது நாம் வைத்த பெயரல்ல. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதி அப்படிச் சொல்கிறது. இரு சக்கர வண்டியோ நான்கு சக்கர வண்டியோ, 50 ஆண்டு கடந்து, பழைய உருவம் மாறாமல் காப்பாற்றப்பட்டிருந்தால் போதும். 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். "வி.ஏ." என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் பலகை கிடைக்கும். பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் ஜம்மென்று ஓட்டிப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: அதை வைத்து யாரும் பிழைக்கக் கூடாது!

இனி இன்னொரு வண்டியைப் பாருங்கள். அது 15 வயதிலேயே கிழமாகிவிடுகிறது. 2022 ஏப்ரல் முதல், 15 வருஷம் கடந்த மூன்று சக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக ஏற்றினார்கள். நான்கு மடங்குக்கும் மேலே! "பழைய வண்டி, புகை கக்கும் வண்டி, காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி" என்று அதற்கு வசவு வேறு. பாரம்பரிய விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும் மூன்று சக்கரம் என்ற பேச்சே இல்லை. இரண்டு உண்டு, நான்கு உண்டு, நடுவில் இருக்கும் மூன்றை மட்டும் காணோம்.

எழுதியவர்களுக்கு எண்ணத் தெரியாதா என்ன? மூன்று சக்கர வண்டியைத் துடைத்து, முற்றத்தில் நிறுத்தி, அழகு பார்க்கிறவன் இந்த நாட்டில் இல்லை. அதை ஓட்டிச் சோறு தின்கிறவன்தான் இருக்கிறான். அவன் நினைவுக்கு வரவில்லை.

இந்தப் பேதம் எவ்வளவு பொருளற்றது என்பதைக் காண வேண்டுமானால், காற்றால் குளிரும் சின்னக் கார்களின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இன்று உலகமெங்கும் பிரியர்கள் கொஞ்சிக் கொஞ்சிக் காப்பாற்றி, பந்தயத்திலும் ஓட்டுகிற அந்தக் கார்களின் எஞ்சினும், திருத்தணி மலைப் பாதையில் பக்தர்களை ஏற்றிக்கொண்டு முனகும் பழைய ஆட்டோவின் எஞ்சினும் ஒரே ஜாதி.

காற்றால் குளிர்வது என்றால் என்ன? அம்மையார்குப்பத்து விசைத்தறித் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் தறி மோட்டாரைப் பாருங்கள். உடம்பெல்லாம் வரிவரியாகத் தகடு. பின்புறம் ஒரு விசிறி. தகட்டின் மேல் காற்று ஓடும், சூடு இறங்கும். அந்தக் கார்களிலும் அதே சூட்சுமம்தான். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, தண்ணீர்ப் பம்பு இல்லை. இல்லாத பொருள் ரிப்பேர் ஆகாது அல்லவா? கடுங்குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கும் பயமும் இல்லை. பாலைவனத்தில் தண்ணீருக்கு அலையவும் வேண்டாம். ஏழை வாங்குகிற விலையில், ஏழையே பழுது பார்க்கிற முறையில் ஒரு வண்டி வேண்டும் என்று நினைத்த இடங்களிலெல்லாம் பொறியாளர்கள் இந்த வழிக்கே வந்து சேர்ந்தார்கள். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வண்டு, இத்தாலியில் 1957-ல் வந்த பியட் 500, கிழக்கு ஜெர்மனியின் ட்ராபன்ட், சோவியத் நாட்டு ஜாபரோஷெட்ஸ், போலந்தில் 1973 முதல் 2000 வரை 33 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட சின்ன பியட் 126 எல்லாம் இந்தக் குடும்பம்.

இவற்றைப் பராமரிக்கும் பிரியர்களை நாம் கேலி செய்யப் போவதில்லை. சீட்டாட்டத்திலும் குதிரைப் பந்தயத்திலும் பணத்தைக் கொட்டுகிறவனைவிட, ஞாயிற்றுக்கிழமை கையில் எண்ணெய்க் கறையோடு எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடப்பவன் எவ்வளவோ மேல். இயந்திரத்தை நேசிப்பது நல்ல குணம். வண்டுக் காரின் எஞ்சினைப் பின்புறத்தில் தாங்கிப் பிடிப்பவை நான்கே நான்கு போல்ட். கைதேர்ந்த மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கழற்றித் தரையில் இறக்கிவிடுவான். விசிறியைச் சுற்றும் பெல்ட் அறுந்தால் முன்னே ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த நிமிஷமே வண்டியை நிறுத்தாவிட்டால் எஞ்சின் வெந்துபோகும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். நாலு சிலிண்டரில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் எப்போதும் கூடுதலாகச் சுடும். எண்ணெயைக் குளிர்விக்கும் பெட்டி அதற்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நின்றதே காரணம். 1971 மாடலில்தான் அந்தப் பெட்டியை இடம் மாற்றினார்கள். (நமது மில்களிலும் ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு மூன்றாவது சிலிண்டர் உண்டு: காற்றுப் போகாத மூலையில் நிற்கிற தொழிலாளி. அவனுக்கு இடம் மாற்றித் தரப் பலமுறை போராட வேண்டியிருக்கிறது.)

இத்தனை நுணுக்கமும் யாருக்குத் தெரியும்? கார் சொந்தக்காரர்களில் சிலருக்குத் தெரியும்; மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் நடக்கும் பழைய கார்க் கண்காட்சியில் பளபளவென்று நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றைப் பட்டறை மெக்கானிக் உயிர்ப்பித்திருக்கிறான். உதிரி பாகம் கிடைக்காது. லேத்துக்காரன் கடைந்து கொடுப்பான். டிங்கர் வேலைக்காரன் துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதிது பொருத்துவான். சீட்டு தைக்கிறவன் பழைய தையலைப் பார்த்து அதே தையல் போடுவான். கண்காட்சி அட்டையில் காரின் பெயர், வருஷம், குதிரைத் திறன், சொந்தக்காரர் பெயர் எல்லாம் இருக்கும். இந்த நாலு பேரின் பெயரும் இருக்காது.

இப்போது வண்டுக் காரின் பூர்வீகத்துக்கு வருவோம். அதை அழகான சின்னக் கார் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1933 மே 2-ந் தேதி நாஜிகள் ஜெர்மனி முழுவதும் தொழிற்சங்க ஆபீசுகளுக்குள் புகுந்தார்கள். தலைவர்களைச் சிறையில் தள்ளினார்கள். கட்டடங்களும் ரொக்கமும், தொழிலாளி சந்தாவாகச் சேர்த்த சொத்துக்கள் அத்தனையும், "ஜெர்மன் உழைப்பு முன்னணி" என்ற நாஜி அமைப்பின் கைக்குப் போயின. "தொழிலாளிக்கும் கார்!" என்று ஹிட்லர் முழங்கினான். பொறியாளர் போர்ஷே வரைந்து கொடுத்தார். 1938 மே 26-ல் பாக்டரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டும் பணம் எங்கிருந்து வந்தது? கொள்ளையடித்த சங்கச் சொத்திலிருந்து! தொழிலாளியின் சந்தாவைத் திருடி, அவனுக்கே கார் விற்கப் பாக்டரி!

விலை 990 மார்க். வாரம் 5 மார்க் கொடுத்து ஸ்டாம்பு வாங்கிப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். புத்தகம் நிரம்பினால் கார். நடுவில் நிறுத்தினால் பணம் போச்சு. நமது ஊர்ச் சீட்டு கம்பெனிகள் கூட இதைவிடத் தேவலை! 3,36,000 பேர் ஒட்டினார்கள். எத்தனை பேருக்குக் கார் கிடைத்தது? ஒருவருக்கும் இல்லை. யுத்தம் வந்தது, பாக்டரி ராணுவ வண்டி செய்யப் போனது. ஆக்கிரமித்த நாடுகளிலிருந்து பிடித்து வந்த ஆண்களையும் பெண்களையும் கைதிகளையும் அங்கே அடிமைகளாக வேலை வாங்கினார்கள். அந்தப் பெண்களின் கைக்குழந்தைகளைப் பிரித்து ஒரு விடுதியில் போட்டார்கள். நூற்றுக்கணக்கான சிசுக்கள் அங்கே மாண்டன. அதற்குப் பொறுப்பான பாக்டரி டாக்டரைப் பிரிட்டிஷ் ராணுவக் கோர்ட் விசாரித்து, 1947-ல் தூக்கிலிட்டார்கள்.

யுத்தம் முடிந்ததும் ஸ்டாம்பு ஒட்டியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு 1961 வரை இழுத்தது. புதிய கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, இல்லாவிட்டால் 100 மார்க் ரொக்கம் என்று முடிந்தது. அதற்குள் அந்த வண்டி உலகமெங்கும் ஓடி லாபம் குவித்துக்கொண்டிருந்தது. 2003 ஜூலை 30-ல் மெக்ஸிகோவின் புவெப்லா பாக்டரியில் கடைசி வண்டு வெளிவந்தபோது மொத்தம் 2 கோடியே 15 லட்சம் வண்டிகள் ஆகியிருந்தன. மெக்ஸிகோ நகரத்தில் அது பல காலம் டாக்ஸியாக ஓடியது; டாக்ஸிக்காரனின் அடுப்பை எரித்தது. காரின் மேல் பாவம் இல்லை. அதைப் பார்த்து ரசிக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்து ரசிக்கட்டும் என்கிறோம்.

எல்லைக்கு அந்தப்புறம், கிழக்கு ஜெர்மனியில் என்ன நடந்தது? அங்கே உருக்குத் தகடு பஞ்சம். மேற்கு நாடுகள் விற்க மறுத்தன. ஸ்விக்காவ் நகரத்துத் தொழிலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பஞ்சாலையில் மிஞ்சும் கழிவுப் பஞ்சை எடுத்தார்கள். அதைப் பிசினோடு சேர்த்து, சூடான அச்சில் அழுத்தி, காரின் மேல்மூடியும் கதவும் செய்தார்கள்! பஞ்சு வந்தது சோவியத் நாட்டிலிருந்து. நமது மில்களில் கீழே பறந்து, நமது தோழர்களின் மூச்சில் ஏறி, கடைசியில் கூட்டித் தள்ளுகிறோமே, அந்தக் கழிவுப் பஞ்சுதான் அங்கே கார் ஆயிற்று. 1957 நவம்பர் 7-ல் முதல் ட்ராபன்ட் தொடங்கியது. இரண்டு சிலிண்டர், 1960-களிலிருந்து 600 சி.சி., 26 குதிரைத் திறன், நமது பழைய ஆட்டோவைப் போலவே பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், காற்றுக் குளிர்ச்சி. பெட்ரோல் பம்பு கூடக் கிடையாது. டாங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கும், பெட்ரோல் தானே இறங்கிவிடும்.

இதில் குறைகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. புகை கக்கியது. பதிவு செய்துவிட்டு ஜனங்கள் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பழைய வண்டி புதிய வண்டியைவிட அதிக விலைக்குப் போன விந்தையும் நடந்தது. முப்பது வருஷத்தில் மாடலைச் சரியாகத் திருத்தாமல் விட்டது மேலே உட்கார்ந்திருந்தவர்களின் தவறு. பாக்டரித் தொழிலாளி புதிய மாதிரிகளைச் செய்து காட்டினான், உத்தரவு வரவில்லை. 1991 ஏப்ரல் 30-ல் கடைசி வண்டி வந்தது. மொத்தம் 30 லட்சத்துக்கு மேல். இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானபோது, ஜனங்கள் அதைத் தெருவோரம் விட்டுவிட்டு மேற்கத்திக் கார் வாங்க ஓடினார்கள். இன்றைக்கு? அதே வண்டிக்குச் சங்கங்கள், ஸ்விக்காவில் கூட்டங்கள், ஜெர்மனியில் இன்னும் 30,000-க்கு மேல் பதிவில் இருக்கின்றன. 2018-ல் செக் நாட்டுக்காரர்கள் சிலர் நமது இந்தியாவிலிருந்து தங்கள் ஊர் வரைக்கும் ட்ராபன்ட் வண்டியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். வழியில் நின்றதெல்லாம் தாங்களே ரிப்பேர் செய்துகொண்டார்கள்.

பந்தயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றுக் குளிர்ச்சி வண்டிப் பந்தயத்தில் நமக்குப் பிடித்த ஒரு சங்கதி இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் "பார்முலா வீ" என்ற பந்தயம் வந்தது. வண்டுக் காரின் 1,200 சி.சி. எஞ்சினையும் முன் அச்சையும் அப்படியே போட வேண்டும். பணக்காரன் விலை உயர்ந்த எஞ்சின் வாங்கிப் போட்டு ஜெயிக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின், மிச்சம் கைத்திறன். பிரேசில் நாட்டின் எமர்சன் பிட்டிபால்டி, ஆஸ்திரியாவின் நிக்கி லாடா போன்ற உலகச் சாம்பியன்கள் இந்த மலிவான வண்டிகளில் ஏறித்தான் பழகினார்கள். பிட்டிபால்டி சகோதரர்கள் தங்கள் கையாலேயே அந்த வண்டிகளைக் கட்டினார்கள். போலந்தில் சின்ன பியட்டுகளை இன்றும் பந்தயம் விடுகிறார்கள். விலை குறைந்த வண்டி என்றால் பந்தயத்துக்குள் சாதாரண மனிதனும் நுழைய முடிகிறது.

நமது கதை வேறு. நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே, சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட விமானத் தளம் ஒன்று இருந்தது. 1953-ல் தோன்றிய மதறாஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ஆண்டுதோறும் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தியது. காரில் பியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் தண்ணீரால் குளிர்ந்தவை. ஆனால் மோட்டார் சைக்கிளில் ஓடிய புல்லட், திருவொற்றியூர்த் தொழிலாளி செய்த காற்றுக் குளிர்ச்சி எஞ்சின். ஜனங்கள் ஆயிரம் ஆயிரமாகக் கூடினார்கள். ஓட்டியவர்கள் யார்? கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் ஓட்டினார். சாராய அதிபர் விஜய் மல்லையா ஓட்டினார். பின்னாளில் அவரது விமானக் கம்பெனித் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் தவிக்க, 2012-ல் கம்பெனி நின்றது. 2016-ல் அவர் பாங்குக் கடனை விட்டுவிட்டு நாட்டைவிட்டே பறந்தார். அந்தப் பந்தயத்தில் மட்டும் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை!

நல்லதையும் சொல்லிவிடுவோம். கோவை மில் அதிபர் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன், 1988 வாக்கில் மாருதி 800 எஞ்சினைப் போட்டு, குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டினார். வெளிநாட்டுக் கார் வாங்க வக்கில்லாத இளைஞர்களுக்கும் அது வழி திறந்தது. 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்தார். கோவையில் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். தவறில்லை. அந்தக் கார்களுக்கு லேத்தில் பாகம் கடைந்த, சட்டத்தை வெல்டிங் செய்த கோவைத் தொழிலாளிகளின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

இலங்கையின் நுவரெலியாவிலும் 1934 முதல் ஒரு மலையேற்றக் கார்ப் பந்தயம் உண்டு. மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் நடக்கும். மலையைக் குடைந்து அந்தத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள் நமது தமிழ்க் கூலிகள். துரைமார் கார் சீறிப் பாய்ந்த காலத்தில் கொழுந்துக் கூடையோடு சாலையோரம் ஒதுங்கி நின்றவர்களும் அவர்களே. 1948-ல் அவர்களுக்குக் குடியுரிமையே இல்லை என்றார்கள்.

இனி நமது மூன்று சக்கரத்துக்கு வருவோம். 2006-லிருந்து வெளிநாட்டுக்காரர்கள் சென்னைக்கு வந்து, வாடகைக்கு ஆட்டோ எடுத்து, கன்னியாகுமரி வரை போட்டி போட்டு ஓட்டுகிற ஒரு பந்தயம் ஆரம்பித்தது. வண்டிக்கு வர்ணம் பூசிக்கொண்டு, வழியில் எஞ்சின் நின்றால் சிரித்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அது சாகசம். வாழ்த்துகிறோம், பத்திரமாகப் போய் வரட்டும். ஆனால் அம்மையார்குப்பத்திலிருந்து பாவு நூலையும் நெய்த துணிக்கட்டையும் ஏற்றிக்கொண்டு, ஆறு பேரை மடியில் மடியாக உட்கார வைத்துக்கொண்டு திருத்தணிக்கு ஓடுகிற ஆட்டோக்காரனுக்கு நடுவழியில் எஞ்சின் நின்றால் சிரிப்பு வருமா? அன்றைய கூலி போச்சு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தை ஏற்றினால்தான் அவன் வருஷக் கடனில் கொஞ்சமாவது அடையும். அந்த நாளில் எப்.சி. இல்லை என்று வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும்?

அவன் தன் எஞ்சினைப் பராமரிக்கிற விதத்தைப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே அடைந்த மண்ணைக் குச்சியால் சுரண்டுகிறான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்கிறான். பிஸ்டன் வளையம் மாற்றப் பட்டறையில் பாதி ராத்திரி உட்கார்ந்திருக்கிறான். வண்டுக் காரின் சொந்தக்காரர் செய்வதும் இதே வேலைதான். அவர் செய்தால் கலை, இவன் செய்தால் கஞ்சத்தனம்! அவர் வண்டி புகை விட்டால் "அந்தக் காலத்து எஞ்சின்" என்பார்கள், இவன் வண்டி புகை விட்டால் அபராதச் சீட்டு.

புகையைப் பற்றி நமக்கும் கவலை உண்டு. சாலையோரம் நிற்பவர்களும் நடப்பவர்களும் நமது ஜனங்கள்தான். அந்தப் புகை முதலில் போவது நமது பிள்ளைகளின் நெஞ்சுக்குள். எந்த வண்டியும் எப்படியும் ஓடட்டும் என்று நாம் சொல்லவில்லை. வயதைப் பார்க்காதே, வண்டியைப் பார் என்கிறோம். பிரேக் பிடிக்கிறதா, புகை அளவுக்குள் இருக்கிறதா, சட்டம் உறுதியாக இருக்கிறதா என்று சோதி. தேறினால் 15 வயது வண்டிக்கும் பழைய கட்டணமே போதும். தேறாவிட்டால், ஓட்டிப் பிழைப்பவனுக்குப் புதிய வண்டி வாங்க வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு அப்புறம் நிறுத்து. 20,000 ரூபாய் கட்டிப் பொழுதுபோக்குக்கு வண்டி வைத்திருப்பவருக்கு அது பெரிய தொகையல்ல. 2,500 ரூபாய் ஆட்டோக்காரனுக்குப் பல நாள் கூலி.

பழைய கார்ப் பிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கண்காட்சி அட்டையில் உங்கள் பெயருக்குக் கீழே மெக்கானிக்கின் பெயரையும் டிங்கரின் பெயரையும் அச்சடியுங்கள். செலவு ஒன்றும் ஆகாது. ஐ.டி.ஐ. மாணவர்களை வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் பட்டறைக்குள் விடுங்கள். காற்றுக் குளிர்ச்சி எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

ஆட்டோத் தோழர்களும் நெசவாளர்களும் சேர்ந்து உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அம்மையார்குப்பத்திலும் ஆர்.கே. பேட்டையிலும் திருத்தணி ஸ்டாண்டுகளிலும் ஓடும் வண்டிகளில் 15 வயது கடந்தவை எத்தனை, அவற்றில் சொந்தக்காரனே ஓட்டுவது எத்தனை, கடைசியாகப் புதுப்பித்தபோது ஒவ்வொருவரும் கட்டியது எவ்வளவு, புரோக்கருக்கு அழுதது எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ரசீது இருந்தால் சேர்த்து வையுங்கள். நோட்டு நிரம்பியதும் மனு எழுதி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் கலெக்டருக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். 2021 விதியில் மூன்று சக்கரம் ஏன் விடுபட்டது என்ற கேள்வி அந்த மனுவின் முதல் வரியில் இருக்கட்டும்.